சைக்கிள் ஓடும்வரை

என் சைக்கிள் நாறும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பாதிக் கதையில் மூக்கைப் பொத்தக் கூடாது. சுறா எண்ணெய் நாற்றம். நான் படிப்பித்த பள்ளிக்கூடம் தெல்லிப்பழைக்குப் பக்கத்தில், வெங்காயமும் மிளகாயும் போடுகிற தோட்டக்காரர் ஊர் ஒன்றில் இருந்தது. மீன் சட்டி அடுப்பில் ஏறாத சைவக் குடும்பங்கள்தான் அங்கே அதிகம். நான் வாசல் படலையடியில் இறங்குவதற்கு முன்பே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "ரீச்சர் வாறா" என்பார்கள். எனக்கு வெட்கமா? ஒரு துளியும் இல்லை. கடற்கரை ஊரில் ஒரு சைக்கிளை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்து பாருங்கள், பிறகு வந்து நாற்றத்தைப் பற்றிக் கதையுங்கள்.

அந்த நாற்றம் அப்பாவின் வேலை. அவர் பாய்க்கப்பலில் தொழில் செய்தவர். 1956இல், எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, யாழ்ப்பாணப் பட்டணத்தில் சைக்கிளை வாங்கி, கடற்கரையில் இருந்த எங்கள் ஊர்வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். இங்கிலாந்துச் சாமான். கன்னங்கரேலென்ற நிறம், தோல் இருக்கை, சங்கிலிக்கு முழு மூடி, தெருமுனை வரைக்கும் கேட்கிற மணி. எல்லாம் சரி. ஆனால் ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஏனென்றால் அது பெண்கள் ஓடுகிற சைக்கிள். நடுவில் குறுக்குத் தண்டு இல்லை.

"உதென்ன மச்சான், பொம்பிளைச் சயிக்கிள்? ஒரு பூவும் வைச்சுவிடன்" என்று நையாண்டி பண்ணியவர் அம்மான்தான். அம்மான் என்றால் என் அம்மாவின் தமையன். ஒரு பாய்க்கப்பலுக்குத் தண்டையலாக, அதாவது கப்பலை நடத்துகிறவராக இருந்தவர். அவர் சொன்னால் ஊரில் முக்கால்வாசிப் பேர் கேட்பார்கள்.

அப்பா அசையவில்லை. "இடுப்பிலை கட்டின சாரத்தோடை தண்டைத் தாண்டிக் காலைப் போட்டால் நீங்கள்தான் கண்ணைப் பொத்தோணும். எனக்கு உதுதான் வசதி" என்றார். அதோடு பகிடி முடிந்தது.

எங்கள் வீட்டிலிருந்து கல் எறிந்தால் கடலில் விழும். அங்கே இரும்பு என்று ஒன்று நிலைக்காது. கதவுக் கொளுக்கி, வாளிப் பிடி, யன்னல் கம்பி, எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுவிடும். அப்பாவுக்குச் சைக்கிளும் ஒரு வள்ளம் மாதிரித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பழந்துணியைச் சுறா எண்ணெயில் தோய்த்து, வள்ளத்துப் பலகைக்குப் பூசுவதுபோல அதற்கும் பூசுவார். அதே காலத்தில் ஊரில் வாங்கிய மற்றச் சைக்கிள்களின் மட்காட்டுகளில் நாலைந்து வருடத்துக்குள் ஓட்டை விழுந்துவிட்டது. எங்களுடையது கறுப்பு மங்கி, தெருநாய்கள் எல்லாம் பின்னால் வர, ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

1969இல் அப்பா செத்துப்போனார். வாழ்நாள் முழுக்கக் கிடந்த கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. நாலு நாள் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. என் அண்ணைக்கு அப்போது இருபத்தொரு வயது. அடுத்த வருடமே வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்றில் ஏறினார். அவருக்குப் போக விருப்பமில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. புறப்படுகிற அன்று சைக்கிளை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ ஓடு தங்கச்சி. கடலிலை எனக்கு உது என்னத்துக்கு?" என்றார்.

இரண்டு வருடத்தில் லீவில் வந்தபோது அவர் காலில் ஒரு காற்சட்டை இருந்தது. டெனிம் என்றார். எங்களில் யாரும் அப்படிப்பட்ட துணியைக் கண்டதில்லை. கருநீலம், மூட்டைச் சாக்கைவிடத் தடிப்பு, பொக்கற் மூலைகளில் செப்புக் குமிழ்கள். அம்மா அதைக் கிணற்றடியில் துவைத்துவிட்டு, "மாட்டுத் தோலே உது?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றா. கொடியில் காய்ந்த பிறகு எடுத்து நிறுத்தினால் அது தானாகவே நிற்கும். அண்ணை அதைப் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் கப்பல் தட்டில் சங்கிலி இழுத்திருக்கிறார், துரு சுரண்டியிருக்கிறார். முழங்காலில் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. நூல் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை.

திரும்பிப் போகும்போது அதை மடித்து அலுமாரியில் வைத்தார். "ஊருக்கு வந்தால் போட எனக்கெண்டு இது ஒண்டுதான் கிடக்குது. இதிலை ஒருத்தரும் கைவைக்கப்படாது" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என்னை அவருக்குத் தெரியும்.

1973இல் எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியையாக இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து ஏழு மைல். இரண்டு பஸ் பிடிக்க வேண்டும். முதல் பஸ் போய்ச் சேர்கிற நேரம் இரண்டாவது பஸ் புறப்பட்டுப் போயிருக்கும். தலைமை ஆசிரியர் ஏழரை மணிக்கு வரவுப் புத்தகத்தில் ஒரு சிவப்புக் கோடு கீறுவார். கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிற தற்காலிகக்காரர் நீண்ட நாள் நிலைக்க மாட்டார்கள். ஆகவே சைக்கிள், இல்லாவிட்டால் வேலை இல்லை.

அம்மான் வந்து கதிரையில் இருந்தார். வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, "ஏழு மைல் தனியப் போய் வாறதோ? இவளுக்கென்ன விசரே?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"அப்பாவின்ரை சயிக்கிள் இருக்குது" என்றேன் நான்.

அம்மான் எழும்பிப்போய்ச் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார். ரயரை விரலால் அமத்தினார். அவர் கணக்குப் பிழைக்காத மனுசன். அந்த வருடங்களில் வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வருவது நின்றுபோயிருந்தது. பாண் ரொட்டிக்கு வரிசை, துணிக்குக் கூப்பன். ஒரு ரயர் வேண்டுமென்றால் கிராமசேவகரிடம் கடிதம் வாங்கி, கூட்டுறவுச் சங்கக்கடையில் பெயர் பதிந்து, ஐம்பது பேருக்குள் சீட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும். பதினேழு வருடச் சைக்கிள், தேய்ந்த ரயர். ஆறு மாதம் ஓடினால் பெரிய காரியம் என்று அவர் முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

"சரி பிள்ளை. கொப்பரின்ரை சயிக்கிள் ஓடுமட்டும் நீ போகலாம். அது நிண்ட அண்டைக்கு நீயும் நிண்டிடோணும். பிறகு நான் காட்டுற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டோணும். சம்மதமோ?"

"ஓம் அம்மான். ஆனால் சொல்லு மாறப்படாது."

"தண்டையல் சொல்லு மாறுறேல்லை" என்றார் அவர். கோபம் வந்துவிட்டது அவருக்கு. எனக்கும்தான்.

அன்றிலிருந்து அந்தச் சைக்கிளை நான் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். குதிரையை அடிக்கிறவனைப்போல ஓட்டினேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தவறவில்லை. முதல் வாரமே தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். நெற்றியில் மூன்று திருநீற்றுக் குறி, காதில் பூ, மிகவும் நிதானமான மனுசர். "உங்கடை வாகனத்தைக் கொஞ்சம் தள்ளி அந்த வேம்புக்குக் கீழை விடுங்கோ. மத்தியானம் எங்களுக்குச் சாப்பாடு இறங்குதில்லை" என்றார். நான் வேம்புக்குக் கீழே விட்டேன். மணி ஏழு பத்துக்கு என் கையெழுத்து புத்தகத்தில் இருக்கும். கோட்டுக்கு மேலே.

பிழையை விட்டது நான்தான். வேறு யாரையும் இழுக்க முடியாது. அந்த மாரி மழை முடிந்து பார்த்தபோது ரயர் இரண்டிலும் மயிரிழை மாதிரி வெடிப்புகள் ஓடியிருந்தன. எங்கள் ஆட்களுக்கு வெடிப்பைக் கண்டால் கை என்ன செய்யும்? எண்ணெயைத்தான் தேடும். வள்ளத்துப் பலகை வெடித்தால் எண்ணெய் பூசுவார்கள். பலகை ஊறிப் பொருந்திக்கொள்ளும். நானும் ரயர் இரண்டையும் சுறா எண்ணெயால் குளிப்பாட்டினேன். ஒரு நாள் இல்லை, மூன்று ஞாயிற்றுக்கிழமை. அடுத்த நாளே வெடிப்புகள் மூடிக்கொண்டன, ரயர் மினுமினுத்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்தேன். இரும்புக்கு மருந்தானது றப்பருக்கு நஞ்சு என்று எனக்கு யார் சொன்னது? அப்பா ஒரு நாளும் ரயரில் எண்ணெய் பட விட்டதில்லை. அதைப் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன்.

1974 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பாதி வழியில், பின் ரயரின் பக்கம் பிசைந்த மா மாதிரிப் பிளந்தது. பிளவுக்குள்ளால் ரியூப் தவளை தொண்டையை ஊதுவதுபோல ஊதிக்கொண்டு வந்தது. நான் இறங்குவதற்குள் வெடித்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் துவக்கால் யாரோ சுட்ட சத்தம் என்று நினைத்து வரம்பில் குந்திவிட்டார். "ஒண்டுமில்லை, நீங்கள் இறையுங்கோ!" என்று கத்திவிட்டுத் தள்ளத் தொடங்கினேன். மூன்றரை மைல்.  

எங்கள் ஊர்ச் சந்தியில் அம்மான் நின்றார். எங்கே போனாலும் அவர் கண்ணில் படாமல் ஊருக்குள் நுழைய முடியாது.

"நிண்டிட்டுதோ பிள்ளை?"

"நிக்கேல்லை. தள்ளிக்கொண்டு வாறன். சில்லு சுத்துது, பாருங்கோ."

"தள்ளுறது ஓடுறதே?"

"இண்டைக்கு வெள்ளி. சனி ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை. திங்கட்கிழமை விடிய ஓடேல்லையெண்டால் கேளுங்கோ."

அவர் சிரிக்கவில்லை. "திங்கள் ஆறேகாலுக்கு நான் இதிலைதான் நிப்பன்" என்றார்.

சைக்கிள் கடைக்காரர் ரயரைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "உது செத்துப்போச்சு ரீச்சர். முழத்துக்குப் பிளந்து கிடக்குது. முன்னுக்குக் கிடக்கிறதும் இண்டைக்கோ நாளைக்கோ." வேறு ரயர் இருக்கிறதா என்று கேட்டேன். பழையதுகூட இல்லை என்றார். ரியூப்பை மட்டும் ஒட்டித் தந்தார். "உள்ளுக்குத் தடிப்பாய் ஏதும் குடுத்துப் பாருங்கோ. ஒரு நாள் ரண்டு நாள் தாங்கும்" என்றார். ஒரு நாள் இரண்டு நாள் யாருக்கு வேண்டும்?

வீட்டில் அப்பாவின் பழைய பாய்த்துணி ஒரு துண்டு கிடந்தது. சனிக்கிழமை காலையில் அதை மடித்து ரயருக்கும் ரியூப்புக்கும் நடுவில் வைத்து, காற்றடித்து, முற்றத்தில் ஏறினேன். கிணற்றைத் தாண்டவில்லை. உளுத்த துணி, கிழிந்து, ரியூப் மறுபடியும் வெடித்தது. அம்மா வாசலில் நின்று, "போதும் பிள்ளை. கொம்மான் சொல்லுறதும் உன்ரை நன்மைக்குத்தானே" என்றா. கொம்மான் என்றால் உன் அம்மான். அந்த ஒரு வார்த்தையில் என் உடம்பு முழுக்கப் பற்றியெரிந்தது. நேரே உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன்.

கத்தரிக்கோல் அந்தத் துணியில் ஏறவில்லை. வாயைப் பிளந்துகொண்டு வழுக்கியது. அப்பா பாய் வெட்டுகிற கத்தியை எடுத்துத் தீட்டினேன். அம்மா ஓடிவந்தா.

"எடியே! கொண்ணன் வந்து உன்னைக் கொல்லப்போறான்! அவன் தனக்கெண்டு வைச்சிருக்கிறது உது ஒண்டுதானடி!"

"கொல்லட்டும். அவர் வருமட்டும் நான் பள்ளிக்கூடம் போவன்."

இப்படிச் சொன்னேன். ஆனால் எனக்குத் தெரியும். அப்பாவின் சைக்கிள் முறைப்படி அண்ணைக்கு வர வேண்டியது. அதை எனக்கு விட்டுவிட்டுப் போனவர். அவருக்கென்று மிஞ்சியிருந்ததையும் நான் இப்போது வெட்டுகிறேன். தெரிந்துதான் வெட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

தொடைக்குக் கீழே இடது கால். ஓரத் தையலைப் பிரித்து விரித்தால் ஒரு அகலமான துண்டு. அதை நீளவாக்கில் மூன்று பட்டியாக வெட்டினேன். மூன்றையும் தலையோடு தலை மூட்டினால் சில்லைச் சரியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இதற்கு வீட்டு ஊசி ஆகாது. பாய் தைக்கிற மூன்று பட்டை ஊசி, மெழுகு பூசிய நூல், ஊசியைத் தள்ளுவதற்கு உள்ளங்கையில் மாட்டுகிற தோல், எல்லாம் அப்பாவின் பெட்டியில் இருந்தன. பட்டிகளை மூட்டி, பிளந்த இடத்தில் ரயரோடு சேர்த்துக் குத்தித் தைத்தேன். ரயரின் வாயை விரித்துப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஒரு கையால் விரித்து, மறு கையால் குத்தி, விரலில் நாலு தரம் ஏற்றிக்கொண்டேன். ஐந்தாம் தரம் நான் "கோதாரி!" என்று கத்தியபோது அம்மா வந்து எதிரே குந்தினா. இரண்டு கையாலும் ரயரை விரித்துப் பிடித்தா.

வெடித்த ரியூப்பைக் கடைக்காரரிடம் மறுபடியும் ஒட்டுவித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை முன் சில்லு. வலது கால். மிச்சத்தை மடித்துத் தைத்துக் கட்டைக் காற்சட்டையாக்கி அலுமாரியில் பழைய இடத்திலேயே வைத்தேன். என் மனசாட்சிக்கு அது போதுமாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமை விடிய ஏறி மிதித்தேன். ரயர் தாங்கியது. ஆனால் பட்டிகள் மூட்டிய இடங்கள் தடித்திருந்ததால் ஒரு சுற்றுக்கு மூன்று தடவை தொப், தொப், தொப் என்று தட்டியது. இருக்கையில் இருந்தபடியே உடம்பு துள்ளியது. ஆறேகாலுக்குச் சந்தியில், சொன்னபடி, அம்மான்.

"ஓடுது அம்மான்!" என்று கத்திக்கொண்டே தாண்டினேன்.

"உள்ளுக்கு என்னடி வைச்சனி?" என்று பின்னால் இருந்து கேட்டார்.

"அண்ணையின்ரை காற்சட்டை!"

திரும்பிப் பார்த்தபோது அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஏழு பத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து இரண்டு அறிகுறி: முதலில் நாற்றம், பிறகு தொப் தொப்.

அன்று பின்னேரமே அண்ணைக்குக் கடிதம் எழுதினேன். சுற்றி வளைக்காமல் எழுதினேன்: காற்சட்டைக் கால் இரண்டையும் வெட்டிவிட்டேன், சைக்கிள் ஓடுகிறது, நான் பள்ளிக்கூடம் போகிறேன். நாலு மாதம் கழித்து அவருடைய கடிதம் வந்தது. அம்மாவின் முழங்கால் எப்படி, கூரை வேய்ந்தாயிற்றா, கிணற்றில் உப்பு ஏறியதா. காற்சட்டையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. அடுத்த கடிதத்திலும் இல்லை. பேசியிருந்தால் பதிலுக்குச் சண்டை பிடித்திருப்பேன். இந்த மௌனத்தோடு என்ன செய்வது? ரயர் தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் அவர் நினைவு வந்தது.

1976இல் லீவில் வந்தார். அலுமாரியைத் திறந்து அந்தக் கட்டைக் காற்சட்டையை எடுத்து, என் தையலை விரலால் தடவிப் பார்த்தார். "கப்பலிலை எடுத்த முதல் சம்பளத்திலை வாங்கினது. மிச்சம் முழுக்க வீட்டுக்குத்தான் அனுப்பினனான்" என்றார். அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொண்டு கடலில் குளிக்கப் போய்விட்டார். நான் குசினிக்குள் நின்று தேங்காய் துருவினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவேயில்லை. எனக்கு வாய் எதற்கெல்லாமோ நீளும். அதற்கு மட்டும் நீளாது.

பிறகு காலம் மாறியது. 1977க்குப் பிறகு கடைகளில் சாமான் வந்து குவிந்தது. ரயர், ரியூப், பச்சையும் சிவப்புமாகச் சைக்கிள்கள். எனக்கும் நிரந்தர நியமனம் வந்துவிட்டது. பின் சில்லுக்கு ஆசையோடு புது ரயர் ஒன்று வாங்கினேன்; ஒன்றரை வருடத்தில் வழுக்கைத் தலையாகிவிட்டது. அதைக் கழற்றி எறிந்தேன், டெனிமை எறியவில்லை. வெட்டிய நாளிலிருந்து ரயர் மாறும்போதெல்லாம் அதைத்தான் உள்ளே வைத்தேன். கருவேல முள் குத்தினாலும் ரியூப் மட்டும் போகாது. நாலு ரயர் அதன்மேல் தேய்ந்து போயின. பட்டணத்துக் கடையில் புது டெனிம் காற்சட்டை ஒன்று தொங்குவதைக் கண்டு, அண்ணைக்கென்று வாங்கி வைத்தேன். மன்னிப்பைத் துணியாகக் கொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவர் வந்து போட்டார். இரண்டு துவையலில் சாயம் போனது, வேலி கட்டக் குந்தியபோது முழங்கால் டர்ரென்றது. அண்ணை கிழிசலுக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். "தங்கச்சி, உதை நீ ரயருக்குள்ளை வைச்சால் படலையையும் தாண்டமாட்டாய்" என்றார். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் சொல்ல வேண்டியதை அப்போதும் சொல்லவில்லை.

1982 தொடக்கத்தில் அண்ணை கப்பலை விட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வருடம் போயிருந்தது. ஒரு சனிக்கிழமை பின் சில்லுக்கு ஐந்தாவது ரயர் போட முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தியிருந்தேன். அம்மானும் வந்திருந்தார். பொல்லு ஊன்றத் தொடங்கியிருந்தார், ஆனால் கண் கூர்மை. அவர் எனக்குக் காட்டவிருந்த மாப்பிள்ளைக்கு அதற்குள் மூன்று பிள்ளைகள்.

"உது இன்னும் ஓடுதோ?" என்று சைக்கிளைப் பொல்லால் தட்டினார்.

"ஓம் அம்மான். உங்கடை சொல்லு மாறேல்லை எல்லே? சயிக்கிளும் மாறேல்லை."

அண்ணை ரயரைக் கழற்றினார். உள்ளே கையை விட்டு அந்த நீலப் பட்டியை உருவி எடுத்தார். எட்டு வருடம் கழித்து அப்போதுதான் அதைத் தொடுகிறார். வெளுத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்துப் பார்த்தார். ஒரு இழை விடவில்லை. மூன்று மூட்டில் ஒன்றில் மட்டும் என் நூல் தளர்ந்திருந்தது. பட்டியை மடியில் போட்டுக்கொண்டு, ஈர்க்கு ஒன்றை எடுத்து மணலில் கணக்குப் போடத் தொடங்கினார். கப்பல்காரருக்கு அந்தப் பழக்கம் போகாது.

"போக ஏழு, வர ஏழு, பதினாலு. வருசத்திலை இருநூறு நாள் பள்ளிக்கூடம் எண்டு வை. ரண்டாயிரத்து எண்ணூறு மைல். எட்டு வருசம்..." கீறிப் பார்த்தார். "இருபத்திரண்டாயிரத்துக்கு மேலை போகுது. உலகத்தை ஒருக்கால் சுத்த எத்தினை மைல் தங்கச்சி?"

"கிட்டத்தட்ட இருபத்தையாயிரம்" என்றேன். ஆசிரியை அல்லவா, கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும்.

"பன்னிரண்டு வருசம் கப்பலிலை கிடந்தன். வடக்காலை போனன், தெற்காலை போனன், போன வழியாலையே திரும்பி வந்தன். முழுசாய் ஒருக்காலும் சுத்தேல்லை" என்றார் அண்ணை. "என்ரை காற்சட்டைக் கால் சுத்தி முடிக்கப் பாக்குது, அம்மான்!"

அம்மான் வெற்றிலை தெறிக்கச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எட்டு வருடமாகத் தொண்டையில் கிடந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அண்ணை, உங்களைக் கேக்காமல் வெட்டினது பிழை."

அவர் மணலில் போட்ட கணக்கை அழித்தார். "கேட்டிருந்தால் நான் தந்திருக்கமாட்டன்" என்றார். "சத்தியமாய்த் தந்திருக்கமாட்டன். நீ வீட்டிலை இருந்திருப்பாய். அது அலுமாரிக்குள்ளை கிடந்திருக்கும்."

 அம்மான் பொல்லைத் தூக்கிச் சில்லைக் காட்டினார். "இன்னும் ஒரு வருச ஓட்டம் மிச்சமிருக்குதெல்லே? பின்னை என்ன பாத்துக்கொண்டு இருக்கிறாய், பட்டியைப் போடன் உள்ளுக்கு!" ஆறு மாதத்தில் நின்றுவிடும் என்று ரயரை அமத்திப் பார்த்த அதே மனுசன்.

"அந்தப் பாய் ஊசி எங்கை?" என்று அண்ணை கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். தளர்ந்திருந்த மூட்டை அவரே பிரித்து, தட்டையாக மடித்து, தன் கையால் தைத்தார். ரயரின் வாயை நான் விரித்துப் பிடித்தேன்.

திங்கட்கிழமை ஆறேகாலுக்குச் சந்தியைத் தாண்டினேன். ஒரு சுற்றுக்கு மூன்று தடவை தட்டுகிற பின் சில்லு அன்று இரண்டு தடவைதான் தட்டியது.